‘பூரி’ என்றால் என்ன: உப்புவெளிக் கடைப் பலகைக்கு ஒரு பதில்

என்னிடம் தமிழ் படித்த ஒருவர் இப்போது திருகோணமலைக்குப் பக்கத்து உப்புவெளியில் காலைச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறார். போன கிழமை அவர் கேட்டது இது: “ரீச்சர், கடைக்குப் புதுப் பலகை எழுதுவிக்கிறேன். மூன்று மொழியிலும் பூரி என்று போட வேண்டும். எழுதுகிறவர் ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழில் ‘புரி’ என்று எழுதிவிட்டார். கடைக்கு வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர், இது இந்தியாவில் இருக்கும் புரி என்ற ஊரின் சாப்பாடா என்று கேட்டார். டெல்லியிலிருந்து வந்த இன்னொருவர் தன் குடும்பப் பெயரே அதுதான் என்றார். எங்கள் அக்கா, பொரிப்பதால்தான் பூரி என்கிறார். எது சரி? இந்தச் சொல்லுக்கு எத்தனை பொருள்?”

தம்பி, பலகை காய முன்னம் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். தமிழில் ‘பூரி’ என்றுதான் எழுத வேண்டும், நெடில். நீங்கள் சுடும் பூரியும் ஒடிசாவில் இருக்கும் புரி நகரமும் வேறு வேறு சொற்கள். டெல்லிக்காரரின் பெயர் அந்த நகரத்துச் சொல்லோடு சேரும். பொரிப்பதற்கும் பூரிக்கும் சொல்லளவில் உறவு கிடையாது. பூரி என்றால் நிறைந்தது. எண்ணெயைப் பற்றி அந்தச் சொல் ஒன்றுமே பேசவில்லை.

இனி விரிவாகச் சொல்கிறேன்.

வடமொழியில் ‘பூர்’ என்றொரு வேர் இருக்கிறது. நிரப்புதல், நிறைதல் என்று பொருள். அது எப்போதோ தமிழுக்குள் வந்து வீட்டுச் சொல்லாகவே ஆகிவிட்டது. மாதத்தில் ஒருநாள் கொழும்பிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்து உங்கள் கடற்கரை நிறைந்துபோகுமே, அந்த விடுமுறை நாளுக்கு நாட்காட்டியில் என்ன பெயர்? பூரணை தினம். நிலா நிறைந்த நாள். கலியாண வீட்டு வாசலில் வைக்கும் நிறைகுடத்துக்குப் பூரணகும்பம் என்றும் பெயர் உண்டு. கொழுக்கட்டைக்குள்ளே பயறும் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் சேர்த்து வைக்கிறோமே, அது பூரணம். அரசாங்க அலுவலகமான கச்சேரிக்குப் போனால் படிவத்தைப் ‘பூரணப்படுத்தி’க் கொண்டுவரச் சொல்வார்கள். பிள்ளை சோதனை பாஸ் பண்ணிய செய்தி வந்ததும் தாயின் முகத்தில் ஒன்று தெரியும், அது பூரிப்பு. உள்ளுக்குள் நிறைந்து, இனி அடக்க முடியாது என்ற நிலையில் வெளியே தெரிவது.

திருமந்திரத்தில் மூச்சுப் பயிற்சியைப் பற்றி ஒரு பாட்டு வருகிறது. “ஏற்றி இறக்கி இருகாலும் பூரிக்கும் காற்றைப் பிடிக்கும் கணக்கறி வாரில்லை” என்று தொடங்கும். மூச்சை உள்ளே இழுத்து நிரப்புவது பூரகம், நிறுத்தி வைப்பது கும்பகம், வெளியே விடுவது இரேசகம். பாட்டில் வரும் ‘பூரிக்கும்’ என்பது காற்றால் நிரப்பும் என்ற பொருளில் நிற்கிறது. வடமொழியில் சங்கு ஊதுவதைச் சொல்லவும் இதே வேர்தான் பயன்படும். சங்கை மூச்சால் நிரப்புவது. காலைப் பூசை நேரத்தில் கோணேசர் கோயிலில் சங்கு ஊதுகிறவரின் கன்னத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கன்னமும் பூரித்துத்தான் இருக்கும்.

இந்தப் பாட்டை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் தாச்சியில் போட்ட பூரியைத்தான் நான் உதாரணம் காட்டுவேன். பிள்ளைகளுக்கு உடனே விளங்கிவிடும். ஒரு பாட்டின் சொல்லும் தாச்சியில் உப்பும் பண்டமும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று தெரிந்ததும் அவர்கள் கண் விரியும். அதைப் பார்ப்பதற்காகவே அந்தப் பாடத்துக்குக் காத்திருப்பேன்.

நீங்கள் தினமும் செய்கிற வேலைதான், ஆனாலும் எங்கள் வீட்டில் நடந்ததை ஒருமுறை சொல்கிறேன். பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் பக்கத்து ஒழுங்கையில் எங்கள் வீடு இருந்தது. பூரிக்கட்டை எங்களிடம் இருக்கவில்லை. அம்மா ஒரு சோடாப் போத்தலைக் கழுவித் துடைத்து, அதால்தான் உருட்டுவார். மாவை றொட்டிக்குக் குழைப்பதைவிட இறுக்கமாகக் குழைப்பார். உப்பு, தண்ணீர், ஒரு கரண்டி எண்ணெய், வேறொன்றும் இல்லை. உருட்டும்போது மேலே மாத் தூவ விடமாட்டார். தூவிய மா எண்ணெய்க்குள் உதிர்ந்து கருகிவிடும். பலகையில் ஒட்டினால் ஒரு துளி எண்ணெய் தடவுவார். எண்ணெய் காய்ந்ததா என்று பார்க்க ஒரு கிள்ளு மாவைப் போடுவார். அது அடியில் தங்காமல் உடனே மேலே வந்தால் சரி.

பிறகு தட்டையான வட்டத்தை ஓரத்தால் வழுக்கி விடுவார். அது ஒரு கணம் எண்ணெய்க்குள் தாழும். மேலே வரும்போது ஓரங்களில் சின்னச் சின்னக் கொப்புளம். அம்மா எண்ணெய்க்கரண்டியின் முதுகால் மெதுவாக ஒரு அழுத்து அழுத்தி, சுற்றியிருக்கும் சுடு எண்ணெயை அதன் தலையில் இரண்டு தரம் அள்ளி ஊற்றுவார். ஒரு பக்கத்தில் தொடங்கிய உப்பல் அலைபோல மறுபக்கத்துக்கு ஓடி, முழுவதும் ஒரே பந்தாகும். அந்த நேரத்தில் எங்களை யாரும் கூப்பிட்டாலும் நாங்கள் திரும்பமாட்டோம்.

அங்கே நடப்பது இதுதான். மாவுக்குள் இருக்கும் தண்ணீர் கொதித்து ஆவியாகிறது. தண்ணீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். சூடான எண்ணெய் பட்டு வெளித்தோல் அதற்குள் இறுகிவிடுவதால் ஆவி வெளியே போக வழியில்லை. மா நடுவில் பிளந்து மேல் தோல், கீழ்த் தோல் என்று இரண்டாகும். எண்ணெய் போதிய சூடில்லாவிட்டால் தோல் இறுக நேரமாகும், ஆவி மெல்லக் கசிந்துவிடும், பூரி எண்ணெய் குடித்துக்கொண்டு தட்டையாகவே கிடக்கும். உருட்டும்போது நகம் பட்டு ஒரு சின்னக் கிழிசல் விழுந்தாலும் அப்படித்தான். மேலே எண்ணெய் அள்ளி ஊற்றுவது அழகுக்காக அல்ல. மேல் தோலும் கீழ்த் தோலைப்போல உடனே இறுகவேண்டும் என்பதற்காக.

ஆக, பூரிக்குள் நிறைந்திருப்பது நீராவி. பெயர் பொருந்துகிறது. ஆனால் பெயர் வைத்தவர்கள் இந்த ஆவியைத்தான் நினைத்தார்களா? இங்கேதான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது.

பழைய வடமொழி வடிவம் ‘பூரிகா’, தமிழில் பூரிகை. யாக்ஞவல்கிய ஸ்மிருதியில் விநாயகருக்குப் படைக்க வேண்டிய பொருட்களைச் சொல்லும் இடத்தில் முள்ளங்கி, பூரிகை, அப்பம் என்று வரிசை வருகிறது. அகராதிகள் பூரிகையை ஒருவகைப் பணியாரம் என்று சொல்லி நிறுத்திக்கொள்கின்றன. உள்ளே பருப்பு வைத்துச் செய்ததால் பூரிகையா, ஊதிப் பெருத்ததால் பூரிகையா என்று கேட்டால் அகராதியில் பதில் கிடைக்காது. நான் பதிலைத் தேடிப் போன இடம் மொரீசியஸ்.

1834 நவம்பர் 2ஆம் தேதி மொரீசியஸின் போர்ட் லூயி துறைமுகத்தில் இந்திய ஒப்பந்தக் கூலிகளோடு ஒரு கப்பல் வந்து நின்றது. அந்த நாளை இன்றைக்கும் அங்கே நினைவுகூருகிறார்கள். அதன்பின் பல ஆண்டுகளாகப் போனவர்களில் போஜ்புரி பேசும் பிகார், கிழக்கு உத்தரப் பிரதேசத்துச் சனம் நிறைய. 1845 மே 30ஆம் தேதி திரினிடாட்டில் அப்படியொரு கப்பல் சேர்ந்தது. இந்த இரண்டு தீவும் உலகத்தின் இரண்டு மூலை. ஆனால் இரண்டிலும் தெருவுக்குத் தெரு விற்கும் சாப்பாடு ஒன்று உண்டு. மொரீசியஸில் அதற்குத் தால்பூரி, திரினிடாட்டில் டால்பூரி என்று பெயர். அவித்து அரைத்த பருப்பை மாவுக்குள் வைத்து, மெல்லிசாக விரித்து, கல்லில் சுடுவது. கவனியுங்கள்: கல்லில் சுடுவது. எண்ணெயில் முக்குவதில்லை. பந்துபோல உப்பி நிற்பதும் இல்லை, துணிபோல மடியும். மொரீசியஸில் கறி வைத்து இரண்டிரண்டாக மடித்துக் கையில் தருவார்கள். பொரிக்காத ஒன்றுக்கு இவ்வளவு காலமாகப் பூரி என்றே பெயர் நிற்கிறதென்றால் அந்தப் பெயர் குறிப்பது உள்ளே நிறைத்த பருப்பை.

அவர்கள் விட்டுப் புறப்பட்ட பக்கங்களிலும் பருப்பு வைத்த பூரி மறையவில்லை. பிகாரில் பருப்பு நிறைத்த பூரி விசேட நாட்களுக்கு உரியது. வங்காளதேசத்தில் தேநீர்க் கடைகளில் டால்புரி விற்பார்கள், அது எண்ணெயில் பொரித்தது. மகாராட்டிரத்துப் பூரண்போளியும் இதே வேர்க் குடும்பம், பூரணம் வைத்த போளி.

ஆகவே என் முடிவு: முதலில் பூரிகை என்பது உள்ளே ஏதோ வைத்து நிறைத்தது. உள்ளே ஒன்றும் வைக்காமல் சுட்டபோது, இருந்த இடத்தை ஆவி நிரப்பியது. பெயரை மாற்ற வேண்டிய தேவையே வரவில்லை. இதை மறுக்கிறவர்கள் இருக்கலாம், ஊதுவதால்தான் பெயர் என்று அவர்கள் சொல்லலாம். எந்தப் பக்கம் நின்றாலும் ‘நிறைதல்’ என்ற வேர் மாறாது.

மொரீசியஸ் கதையில் போஜ்புரி என்ற மொழிப் பெயர் வந்ததல்லவா, அதில் பூரி இல்லை. போஜ்பூர் என்ற ஊர்ப்பெயரோடு ‘இ’ சேர்ந்து போஜ்புரி. போஜனமும் பூரியும் சேர்ந்த பெயர் என்று யாரோ எழுதியதை ஒருமுறை வாசித்தேன். கேட்க இனிப்பாகத்தான் இருக்கும், உண்மை அதுவல்ல.

அக்கா சொன்ன பொரியலுக்கு வருவோம். அவர் அப்படி நினைத்ததில் வியப்பில்லை. பொரி என்பது நம்முடைய சொந்தத் திராவிடச் சொல். நெற்பொரி, சோளப்பொரி, பொரிவிளாங்காய் எல்லாம் அதிலிருந்து வந்தவை. எங்கள் பக்கம் பொரியல் என்றால் எண்ணெயில் முக்கிப் பொரித்ததுதான், மீன் பொரியல், கத்தரிக்காய்ப் பொரியல் என்று. சென்னையில் போய்ப் பொரியல் கேட்டால் தாளித்து வதக்கிய மரக்கறியை வைப்பார்கள், அதுவும் எங்கள் ஆட்களுக்கு ஒரு அதிர்ச்சி. ஆனால் ‘பொரி’யில் இருப்பது குறில் ஒகரம், ‘பூரி’யில் இருப்பது நெடில் ஊகாரம். வடக்கிலிருந்து வந்த பண்டத்துக்கு வடக்கின் பெயர்தான் கூட வந்தது, தமிழ் பொரியிலிருந்து அது பிறக்கவில்லை. இன்னொரு சாட்சியும் உங்கள் வாயிலேயே இருக்கிறது. பூரி பொரித்தேன் என்று எங்கள் வீடுகளில் யாரும் சொல்வதில்லை. வடை சுட்டேன், பணியாரம் சுட்டேன், பூரி சுட்டேன் என்றுதான் சொல்வோம்.

இப்போது நகரம். அது ‘புரி’, முதலெழுத்துக் குறில். வடமொழியில் ‘புர்’ என்றால் கோட்டை, அரண் சூழ்ந்த ஊர். கிரேக்கர் நகரத்தைக் குறிக்கும் ‘போலிஸ்’ என்ற சொல்லும் இதற்கு உறவு. தர்மபுரி, நம் நாட்டு இரத்தினபுரி, அனுராதபுரம் எல்லாம் இந்த வரிசை. சிங்கபுரம் என்பதுதான் சிங்கப்பூர் ஆனது. நம் காதுக்குப் ‘பூர்’ என்றதும் ஊர் என்று கேட்பதால் அது அப்படியே நிலைத்துவிட்டது. பாலித் தீவுக்குப் போய்வந்த பயணிகள் உங்கள் கடைக்கு வந்தால் அவர்களும் கேட்கக்கூடும். அங்கே அரச குடும்பத்தாரின் மாளிகைக்குப் புரி என்று பெயர். அதுவும் இதே நகரச் சொல்தான்.

ஒடிசாவின் புரி, ஜகந்நாதர் கோயில் இருக்கும் ஊர். சிக்கலை உண்டாக்கியதில் நம் தமிழ்ப் பத்திரிகைகளுக்கும் பங்கு உண்டு. ‘பூரி ஜெகந்நாதர்’ என்று நெடில் போட்டே பல காலமாக எழுதிவருகிறார்கள். ஆங்கிலத்தில் பி, யூ, ஆர், ஐ என்று இருப்பதைப் பார்த்து எழுதும்போது குறிலா நெடிலா என்று தெரியாது. அந்த ஆங்கில எழுத்துக்களுக்குள்ளே இரண்டு சொல்லும் ஒன்றாய்ப் படுத்துக்கிடக்கும். உங்கள் பலகை எழுதுகிறவர் அதே குழியில் எதிர்ப்பக்கத்தால் விழுந்திருக்கிறார். அவர் மேல் கோபப்படாதீர்கள்.

டெல்லிக்காரரின் பெயர் பஞ்சாபில் பரவலாக உள்ள குடும்பப் பெயர். நடிகர்கள் ஓம் புரி, அம்ரிஷ் புரி இருவர் பெயரிலும் இருப்பது இதுதான். தமிழ்ப் பத்திரிகைகள் இவர்களையும் பூரி ஆக்கிவிட்டன. குடும்பப் பெயர் அல்லாமல் துறவிகளின் பெயராகவும் புரி வரும். ஆதிசங்கரர் வழி என்று சொல்லப்படும் தசநாமித் துறவிகளுக்குப் பத்துப் பட்டப் பெயர்கள்: கிரி, புரி, பாரதி, சரசுவதி, தீர்த்தர், ஆசிரமர், வனர், ஆரணியர், பர்வதர், சாகரர். இராமகிருஷ்ணருக்கு அத்வைதம் போதித்த தோதாபுரி அந்தப் புரி வரிசையில் வந்தவர். சைதன்யருக்குத் தீட்சை கொடுத்தவர் ஈசுவர புரி. இவற்றில் எதிலும் எண்ணெய் வாசம் கிடையாது.

நெடில் போட்டு எழுதினாலும் எல்லாம் நம் பூரி ஆகிவிடாது. தமிழில் ‘ப’ ஒன்றுதான், வடமொழியில் அதற்கு நான்கு ஒலி. அழுத்திச் சொல்லும் இன்னொரு பகரத்தில் தொடங்கும் ‘பூரி’ என்ற சொல்லுக்கு மிகுதி என்று பொருள், பொன் என்றும் உண்டு. பாரதப் போரில் கௌரவர் பக்கம் நின்று சாத்தகியின் வாளால் இறந்த பூரிசிரவசுவின் பெயரில் இருப்பது அது. மிகுந்த புகழ் உடையவன் என்பது பெயரின் பொருள். தமிழ் எழுத்தில் பார்த்தால் பூரிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது, காதால் கேட்டால்தான் தெரியும்.

திருக்குறளில் இன்னொன்று இருக்கிறது. “அருட்செல்வம் செல்வத்துள் செல்வம் பொருட்செல்வம் பூரியார் கண்ணும் உள”, 241ஆவது குறள். இங்கே பூரியார் என்றால் கீழ்மக்கள், இழிந்த குணமுடையவர்கள். பணம் அப்படிப்பட்டவர்களிடமும் இருக்கும், அருள் இருக்காது என்கிறார் வள்ளுவர். 919ஆவது குறளிலும் பூரியர்கள் வருகிறார்கள். நிறைவுக்கும் இந்தப் பூரியருக்கும் தொடர்பில்லை. வகுப்பில் ஒரு பையன், “ரீச்சர், பூரி விற்கிறவங்களா?” என்று கேட்டான். நல்ல கேள்வி என்றுதான் சொன்னேன். அந்தக் கேள்வி வந்த நாளில்தான் பூரியைப் பற்றி முழுதாகத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

குறில் ‘புரி’க்கும் தமிழில் தனியான வாழ்க்கை உண்டு. கயிற்றின் இழை புரி. மூன்று இழை முறுக்கியது முப்புரி. வலப்பக்கமாக முறுக்கிய சங்கு வலம்புரி. கடற்கரையில் உங்கள் கடைக்கு அடுத்த கடையில் சங்கு விற்பார்களே, அவர்களிடம் கேட்டால் வலம்புரி என்றதும் விலையை ஏற்றிவிடுவார்கள், அவ்வளவு அரிது. புரிதல் என்றால் செய்தல், விரும்புதல், விளங்குதல். விளங்குதல் என்ற பொருளில் எங்கள் ஊர்ப் பேச்சில் அது அதிகம் வராது. ‘விளங்குதா?’ என்றுதான் கேட்போம். ‘புரியுதா?’ என்பது சினிமாவோடும் தொலைக்காட்சியோடும் வந்தது. ஆக, உங்கள் பலகையில் ‘புரி’ என்று மட்டும் தனியாக நின்றால், தமிழ் படித்தவர்கள் அதை ‘செய்’ என்றோ ‘இழை’ என்றோ வாசிப்பார்களே தவிரச் சாப்பாடு என்று வாசிக்கமாட்டார்கள்.

உங்கள் பூரியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வட இந்தியப் பயணிகள் உங்கள் பூரியைப் பார்த்து, “வெள்ளையாக இருக்கிறதே” என்று சொல்லியிருப்பார்கள். அங்கே வீட்டுப் பூரிக்குத் தவிடு நீக்காத ஆட்டா மாவை எடுப்பார்கள், நிறம் கொஞ்சம் கபிலமாக வரும். நாங்கள் எடுப்பது கோதுமை மா, வெள்ளை மா. வங்காளத்தில் இதே வெள்ளை மாவில் சுடும் பூரிக்கு லூச்சி என்று தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் திருகோணமலைப் பூரி நிறத்திலும் மெதுவிலும் அந்த லூச்சிக்குத்தான் நெருக்கம். டெல்லிக்காரர் பட்டூராவா என்று கேட்டால் இல்லை என்று சொல்லுங்கள், பட்டூரா புளிக்கவைத்த மாவில் செய்வது. மும்பையில் பேல்பூரி, சேவ்பூரி என்பவற்றில் வரும் பூரி மொறுமொறு என்று ஒடியும், சிலது தட்டையாகவும் இருக்கும். பானிபூரி சின்னக் கோளம், உள்ளே புளித்தண்ணீர் நிரப்பிக் கொடுப்பார்கள். அது மறுபடியும் நிரப்புகிற கதைதான்.

அந்த வெள்ளை மாவுக்கும் எங்கள் ஊருக்கும் ஒரு தொடர்பு. 1942இல் பர்மா யப்பானியர் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோனது. அதே வருடம் ஏப்ரல் 9ஆம் தேதிதான் திருகோணமலையில் குண்டு விழுந்தது. அரிசிக்குக் கூப்பன் வந்தது, பல வீடுகளுக்குள் கோதுமை மா அப்போதுதான் அடியெடுத்து வைத்தது. எங்கள் அம்மம்மா கடைசிவரை அதை ‘அமெரிக்கன் மா’ என்றே சொன்னார். அதில் பிட்டு அவித்தார், றொட்டி சுட்டார், ஆனால் பூரி அவருக்குத் தெரியாது. பூரி எங்கள் வீட்டுக்கு அம்மாவின் காலத்தில், சைவக்கடையில் சாப்பிட்டு வந்த ருசியோடு வந்தது. 1980இல் சீனக்குடாவில் பெரிய மா ஆலை வேலை தொடங்கியபின் கதை திரும்பியது. சிங்கப்பூர்க் கம்பனி ஒன்றின் ஆலை அது. அதன்பின் நாடு முழுவதற்கும் கோதுமை மா எங்கள் துறைமுகத்திலிருந்து போகிறது. யாழ்ப்பாணத்திலோ மாத்தறையிலோ ஒருவர் சுடும் பூரியின் மா உங்கள் கடையிலிருந்து சில மைல் தூரத்தில் அரைத்ததாக இருக்கக்கூடும். எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் பெருமையாக இருக்கும்.

சரி, பலகைக்கு வருவோம்.

தமிழில் ‘பூரி’. சிங்களத்திலும் குறில் நெடில் வித்தியாசம் உண்டு, அங்கேயும் நெடில் ‘பூ’ போடச் சொல்லுங்கள். அதை எழுதும்போது சிங்களம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் நிற்கவையுங்கள். ஆங்கிலத்தில் யூ எழுத்தை விட்டுவிட்டு ஓ எழுத்தை இரண்டு தரம் போட்டு எழுதுங்கள். அந்த எழுத்தும் ஆங்கில அகராதிகளில் உள்ளதுதான், ஊரோடும் குடும்பப் பெயரோடும் குழம்பாது. சொல்லை மொழிபெயர்க்க மட்டும் போகவேண்டாம். ‘பொரித்த ரொட்டி’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் போட்டால் இங்கிலாந்திலிருந்து வருகிறவர்கள் பாண் துண்டைக் கொழுப்பில் பொரித்துக் காலையில் சாப்பிடுவார்களே, அதை எதிர்பார்த்து உட்காருவார்கள். பாண் என்பதே போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல், அதைப் பூரியோடு சேர்த்துக் குழப்பவேண்டாம். வேண்டுமென்றால் பூரிக்குக் கீழே சின்ன எழுத்தில் ‘உருளைக்கிழங்குக் கறியுடன்’ என்று போடுங்கள், அவ்வளவு போதும்.

எழுதுகிறவரிடம் முழுப் பலகையையும் சுரண்டச் சொல்லவேண்டாம். ‘பு’வின் காலில் ஒரு சுழி சேர்த்தால் ‘பூ’ ஆகிவிடும். அதற்கு அரை மணி நேரம்கூடப் பிடிக்காது. வருகிற பூரணைக்கு நான் உப்புவெளிப் பக்கம் வருவேன். இரண்டு பூரி, எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகு சுட்டது, தட்டில் வைக்கும்போது இன்னும் உப்பி நிற்கவேண்டும்.